முடிக்குள் புதைந்த எலாஸ்டிக்

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். போன ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு, அடுத்த பெருநாளில் குர்பானி கொடுக்கலாம் என்று பால்குடி மறந்த வெள்ளைக் கிடாக்குட்டி ஒன்றை வாங்கினேன். கையால் வளர்த்த உயிரைக் கொடுத்தால்தான் கொடுத்ததாக இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். குர்பானி ஆட்டுக்கு நொண்டி, ஊனம் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் நானும் மனைவியும் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் சந்தில் நாலைந்து வீட்டு ஆடுகள் ஒன்றாக மேயும். அடையாளத்துக்குக் காலில் கயிறு கட்டுவார்கள். கயிறு உறுத்துமே என்று நான் ஜட்டி இடுப்புக்கு வைக்கிற சிவப்பு எலாஸ்டிக்கைப் பின்னங்காலில் சுற்றி, அவிழாமல் நாலு தையல் போட்டேன். குட்டி வளர வளர அதுவும் விரியும் என்று நினைத்தேன். விரியத்தான் செய்தது. விரிந்த எலாஸ்டிக் இறுக்குவதை ஒரு நொடியும் விடாது என்பது, தினமும் அதைத் தைக்கிற எனக்குத் தோன்றவில்லை. சில மாதங்களில் சிவப்பு கண்ணில் படவில்லை. அறுந்து விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு ஆடு மற்ற ஆடுகளோடு சேராமல் சுவரோரம் நிற்க ஆரம்பித்தது. கத்துவதே இல்லை. பள்ளிவாசலில் கூட நான் பெருமையாகச் சொன்னேன், எங்கள் ஆட்டுக்குப் பொறுமை அதிகம் என்று. தழை குறைவாகத் தின்றாலும் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"அசை போடுதுங்க, வயிறு நல்லாத்தான் இருக்குது" என்றாள் மனைவி.

பெருநாளுக்கு இருபது நாள் இருக்கையில் நொண்டியது. எனக்கு முதலில் வந்த பயம் குர்பானி கூடாமல் போய்விடுமே என்பதுதான். அதை மறைக்க விரும்பவில்லை. முள் குத்தியிருக்கும் என்று எண்ணெயில் ஓதி ஊதித் தடவினேன். உதைத்தது. "இவனுக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு" என்று சிரித்தேன். முடியை விலக்கிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் காலை ஊன்றவே இல்லை. லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா தொடும் முன்பே அதன் முகத்தைத்தான் பார்த்தார். காது தொங்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது.

"எத்தன நாளா பல்லக் கடிக்குதுங்க?"

"அது அசை போடறதுங்கம்மா" என்றாள் மனைவி.

"அசை போட்டா தொண்டையில உருண்டை ஏறி இறங்குமுங்க. இது வலி தாங்காம கடிக்கிறது."

மரத்துப்போக ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, முடியை மழித்தார். நாற்றம் வந்தது. சதைக்குள் சிவப்பாக ஓர் இழை. கத்தரியால் அறுத்து வெளியே எடுத்தபோது என் நாலு தையலும் அப்படியே இருந்தன.

"ஏனுங்க, யாருங்க இதைத் தெச்சது?" என்றார்.

"நான்தானுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. கீழ்க்கால் சில்லிட்டுப்போய்விட்டது, சீழ் ரத்தத்தில் ஏறியிருக்கும், தினமும் கொண்டு வாருங்கள், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வலிக்குத் தனியாக ஓர் ஊசி போட்டார். வீடு வந்ததும் ஆடு தலையைத் தரையில் சாய்த்து உறங்கியது. அது அப்படி உறங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நாங்கள் இருவரும் யோசித்தோம். பெருநாளைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. யா அல்லாஹ், இதற்கு வலி இல்லாமல் ஆக்கு என்பது மட்டுமே துஆவாக இருந்தது.

நாலாம் நாள் ஊசி போட்டு வந்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் மனைவி போன் செய்தாள். மெஷின் சத்தத்தில் கேட்காமல் வெளியே வந்தேன்.

"போயிருச்சுங்க" என்றாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"



"பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். எப்பப் போச்சுன்னே தெரியலீங்க."