பத்தாம் நம்பர் ஊசி

அடுத்தவர் கையில் ஒரு வேலை உங்களைவிட அழகாக வந்து உங்கள் வயிறு எரிந்ததே இல்லையா? டெல்பினுக்கு எரிகிறது. அதனால்தான் வெயிலில் வந்து உட்கார்ந்ததும் முதலில் பக்கத்து வீட்டு ராஜத்தின் மடியில் இருக்கும் பின்னலைப் பார்க்கிறாள்; பிறகுதான் தன் பின்னல் ஊசியை எடுக்கிறாள்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் புல்வெளிக்கு ஜனவரி வெயில் பதினொரு மணிக்கு வரும். ஷிப்ட் இல்லாத நாட்களில் நர்ஸ் டெல்பினும் வந்துவிடுவாள். பையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய பின்னல் புத்தகங்கள், அறுபது எழுபது வருடப் பழசு. அட்டையில் சுருள்முடி வெள்ளைக்காரி, பிடியளவு இடுப்பு. உள்ளே சொல்லியிருக்கும் கம்பளி நூல் இன்று எந்தக் கடையிலும் இல்லை. உடம்பு அளவும் ஒன்றே ஒன்று, அந்த வெள்ளைக்காரிக்கு மட்டும். டெல்பின் கணக்குப் போட்டு நம் உடம்புக்கு மாற்றுவாள். ஓரத்தில் பென்சிலால் ‘சீதா 2, உல்டா 2’ என்று எழுதுவாள்; நேர்ப் பின்னல் இரண்டு, திருப்பிப் போடும் பின்னல் இரண்டு என்று இந்தியில். “இந்தத் தோள் வளைவ இப்ப யாரு போடுதா? யூட்யூப்ல தேடிப் பாரு, கிடைக்காது” என்பாள். இருபது வருடமாக அங்கே அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

ராஜம் போன குளிருக்குத்தான் ஊசி பிடித்தாள். அதற்குள் எல்லோரும் அவளுக்குக் கைராசி என்கிறார்கள். போதாததற்கு, மகள் கனிமொழி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய தேன்நிற மர ஊசிகள் வேறு.

டிசம்பரில் ராஜம் கேட்டாள். “டெல்பின் அக்கா, கனி பொங்கலுக்கு வரா. உங்க புக்குல இருக்கற அந்தத் தோள் வளைவு ஸ்வெட்டர் போடறேன். பத்தாம் நம்பர் ஊசிதானே?”

“புக்குல என்ன போட்டிருக்கோ அதான்.”

பொய்யில்லை. ஆனால் புத்தகத்தின் பத்து பழைய இங்கிலாந்துக் கணக்கு: மூன்றேகால் மில்லிமீட்டர் கனம். ராஜத்தின் அமெரிக்க ஊசியில் பத்து என்றால் ஆறு மில்லிமீட்டர். இரண்டு ஸ்வெட்டரைப் பாழாக்கி டெல்பின் கற்ற பாடம் அது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் ராஜம் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து விரித்தாள்.

“அச்சா, இதுல கனிமொழியும் மாப்பிள்ளையும் சேந்தே நுழையலாம்” என்றாள் எதிர் பிளாக் பாப்பம்மாள். புல்வெளி சிரித்தது.

ராஜம் சிரிக்கவில்லை. “எனக்கு ராசியில்லக்கா. போன வருஷம் ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு.” மர ஊசிகளை டெல்பின் மடியில் வைத்தாள். “நீங்களே வச்சுக்குங்க.”

டெல்பின் இரண்டு மாதமாக ஆசைப்பட்ட ஊசிகள்.

ராசியாவது, மண்ணாவது. அங்கே இருந்தது சொல்லாமல் மறைத்த ஓர் எண். தெரிந்தவர் வாயை மூடிக்கொள்வார். தெரியாதவர் தன் தலையெழுத்தை நொந்துகொள்வார். இந்த அநியாயத்துக்குத்தான் நாம் ராசி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

“ஏ ராஜம், உக்காரு” என்றாள் டெல்பின். “கை தப்பில்ல. நம்பரு வேற. எனக்குத் தெரியும், நாந்தான் சொல்லல.”

ராஜம் அவளையே பார்த்தாள். “ஏன்க்கா?”

“நீ நல்லா போடுத. அதான்.”

டெல்பின் தன்னுடைய மூன்றேகால் ஊசிகளை எடுத்து அவளிடம் நீட்டினாள். இதில் அந்தத் தோள் வளைவு எப்படி வரும் என்று நினைத்தபோது வயிறு மறுபடி எரிந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. ராஜம் வாங்கிக்கொண்டதும், புத்தகத்தைத் திறந்து, பத்துக்குப் பக்கத்தில் ‘3.25 மி.மீ.’ என்று பென்சிலை அழுத்தி எழுதினாள்.

உங்களிடமும் அப்படிப் பழைய பின்னல் புத்தகம் இருக்கிறதா? பென்சிலை எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.