இறகு உதிராத ஆட்டம்

கூரியர் வேலையில் இருந்தபோது அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் பார்சல் எடுக்கப் போனேன். உள்ளே, தலையில் நீல இறகுக் கிரீடத்தோடு ஓர் அம்மாள் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, இழுத்துச் செருகிய புடவை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. மேசைமேல் செல்போனில் பறை அதிர்ந்தது.

அங்கே தைப்பதெல்லாம் கார்னிவல் உடைகள். கரீபியன் தீவுகளில் தொடங்கி லண்டன், டொரன்டோ என்று பரவிவிட்ட தெருக்கொண்டாட்டம் அது. ஒவ்வொரு கிரீடத்தையும் தானே போட்டு ஆடிப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் பெட்டியில் வைக்க விடுவார்.

அன்று கடைசிக் கிரீடத்திலிருந்து ஓர் இறகு விழுந்தது. பாட்டை நிறுத்திவிட்டு ஊசியை எடுத்தார்.

“ஒரு இறகுதானேக்கா, வண்டி நிக்குது,” என்றேன்.

“நிக்கட்டும் நைனா. இத்தப் போட்டுகினு ஆடப்போற பொண்ணு வருசம் பூரா காத்துகினு கீது. நடுரோட்ல குனிஞ்சு இறகு பொறுக்கினு இருக்கணுமா?”

“அங்க தாளமே வேறக்கா.”

“நம்ம அடிக்கே தாங்கிச்சுன்னா எந்த ஊரு அடிக்கும் தாங்கும்.”

தைத்து முடித்து, முதலிலிருந்து ஆடினார். வெளியே எங்கள் டிரைவர் அடித்த ஹாரனையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் வீட்டில் லண்டன் கார்னிவல் வீடியோ ஒன்று ஓடியது. கூட்டத்தில் ஒரு நீலக் கிரீடம் துள்ளிக்கொண்டு போனது. அம்பத்தூர்க் கிரீடம்தானா, தெரியாது. எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நான் அந்தக் கிரீடம் கடந்துபோன தார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.