பயமாக இருக்கிறதா என்று கேட்கும் வேலை

முன்பின் தெரியாதவரிடம் "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். பாலக்காட்டு முதலமடைப் பக்கம் ஒரு ஹெல்த் சென்டரில் நர்ஸ். சுகருக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களிடம் டேப் என்கிற கையடக்கக் கணினியை நீட்டி, மனப்பதற்றம் பற்றிய கேள்விகளுக்குத் திரையில் விடை தொடச் சொல்ல வேண்டும். 'இல்லவே இல்லை'யில் தொடங்கி 'தினமும்' வரை விடைகள். இதே டேப்பைத் தூக்கிக்கொண்டு அல்லாடும் தோழிகளே, உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மாந்தோப்புக்காரர்

பிரஷர் பார்க்க வந்த கருப்புசாமி அண்ணனுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மனைவி சரோஜாக்கா பக்கத்து நாற்காலியில். அண்ணன் டேப்பை வாங்கி, எல்லாக் கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்று மளமளவெனத் தொட்டுத் தள்ளினார். 'ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம்' என்பதற்கும் அதேதான். மாம்பூ கருகிக்கொண்டிருந்த சமயம் அது. நிஜமாகவா அண்ணா என்றேன்.

"மாங்காய்க்காரனுக்கு அது பயமில்லீங்க சிஸ்டர், வருசா வருசம் நடக்கறதுங்க."

அக்காவின் முறை

சரோஜாக்காவுக்கு நெஞ்சுப் படபடப்பு. எத்தனை முறை இசிஜி எடுத்தாலும் கோளாறில்லை என்றே வந்தது. இதயம் நின்றுவிடப் போகிறது என்று அவர் சொல்வதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்பைக் கொடுத்ததும் அண்ணனே பதில் சொன்னார்: "அவளுக்கென்னங்க பயம், பாம்பையே அடிக்கறவ." அக்கா தலையாட்டிவிட்டு அவர் சொன்னதையே தொட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அக்காவை ஊசி போடும் அறைக்குக் கூட்டிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது விரல் 'தினமும்' மேலேயே போய் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் எங்க வலிக்குதுன்னுதானுங்க கேட்டாங்க. பயமா இருக்குதான்னு இதுதான் மொதல்ல கேக்குது."

மறுபடியும் அண்ணன்

அன்றிலிருந்து நான் டேப்பைத் திட்டுவதில்லை. டாக்டர் அக்காவை உட்காரவைத்து, இது நிஜமான நோய்தான், குணமாகும் என்றார். மருந்தும் கவுன்சலிங்குமாகச் சில வாரங்களில் அக்கா நிம்மதியாகப் படுத்துத் தூங்கத் தொடங்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தமுறை அக்கா கவுன்சலிங் அறைக்குள் போனதும், அண்ணன் என் மேஜையருகே வந்து நின்று டேப்பைக் காட்டினார். "அதை இன்னொருக்காக் குடுங்க" என்றார். ஏன் என்றேன். மூடிய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்குத் தொட்டதெல்லாம் பொய்யுங்க. அப்பப் பக்கத்துல அவ உக்காந்திருந்தாளுங்க. நானும் பயப்படறேன்னு தெரிஞ்சா, அவ யாரைப் புடிச்சுட்டு நிப்பா?"

இத்தனை கேள்விகளை யோசித்துப் போட்டவர்கள், பக்கத்து நாற்காலியில் யார் என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை நான் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.