கிணற்றுக்குள் இறக்கிய காந்தம்

வளைகுடாவில் எலெக்ட்ரீசியனாக இருந்தேன். கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததும் சொந்த ஊரான பூதப்பாண்டிக்குத் திரும்பி, ஓரிடத்தில் உட்காரமுடியாமல் வீட்டையும் தெருவையும் அளந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகப் புது விசாவுக்கு அழைப்பு வந்தது. மறுநாள் காலை பாஸ்போர்ட்டோடு திருவனந்தபுரத்தில் மெடிக்கல் பரிசோதனைக்கு நிற்க வேண்டும். பாஸ்போர்ட் பீரோவுக்குள் இருந்தது. மோட்டார் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று கிணற்றுக்குள் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த பீரோ சாவி நழுவி உள்ளே விழுந்துவிட்டது.

பூட்டுக்காரர் நாளை மதியம்தான் வரமுடியும் என்றார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது பாதியிலேயே மோட்டாரின் இரும்புக் குழாயில் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கிவிட்டால் சற்றுக் கீழே மறுபடி ஒட்டியது. அடியில் போய்ச் சேர்ந்தபிறகு மட்டும் இழுக்கிற காந்தம் வேண்டும்.

கழற்றிப் போட்டிருந்த ஃபேனின் செம்புக் கம்பியை உருவி, தடித்த போல்ட் ஒன்றில் நெருக்கமாகச் சுற்றினேன். அவசரத்தில் சுற்று கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி சுற்றி, கம்பி நுனிகளை பைக் பேட்டரியில் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருடம் இதே வேலை பார்த்தவன், கம்பி நுனியில் கரண்டைத் தடுக்கும் வார்னிஷைச் சுரண்ட மறந்திருந்தேன். பிளேடால் சுரண்டிக் கொடுத்ததும் பக்கத்தில் கிடந்த திருப்புளி நகர்ந்து வந்து ஒட்டியது. வயரை எடுத்ததும் விழுந்தது. வைத்தேன், எடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரம் மெடிக்கல் ஞாபகமே வரவில்லை.

நீளமான வயரை இணைத்து, போல்ட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். சாவி பித்தளை, அதன் வளையம் இரும்பு என்பதுதான் நம்பிக்கை. மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடி தட்டியதும் நான் வயரைப் பேட்டரியில் வைப்பேன், அவள் தூக்குவாள். சேறு வந்தது. துருப்பிடித்த வாளிப் பிடி வந்தது. என் கையில் வயர் சுட்டது.

"கிட்டலன்னா என்ன செய்விய?" என்று கேட்டாள்.

கிடைக்காமலே போகட்டும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அப்படிப் போனால் இன்னும் எத்தனை மாதம் இந்த முற்றத்தில் நடப்பது என்றும் பயமாக இருந்தது. அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன்.

"போறதுன்னா போங்க. இங்க இருந்துக்கிட்டே இல்லாத மாதிரி இருக்கியளே, அதத்தான் தாங்க முடியல," என்றாள்.

நான் வயரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன். வெயில் சாய்கிற நேரத்தில் சாவி வந்தது. சேற்றைத் துடைத்து அவள்தான் பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் அவளும் என்னோடு வந்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மெடிக்கல் பாஸாகி, அடுத்த மாதம் கிளம்பிவிட்டேன்.