பார்த்த எண்ணை மட்டும் சொன்ன லூர்து மேரி

லூர்து மேரியின் மகள் அனிதா கைப்பேசியில் அழைத்தபோது நான் கரடியூரில் ஒரு வீட்டின் பின்புறம், வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். ஆறு திருகாணிகளில் நான்கை மாட்டினேன். மிச்ச இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரிடம், "பிளக்கை மட்டும் சொருகிராதீங்க, நான் வந்து பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நான்கு முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

லூர்துவை அறிந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த மலையில் மிக்ஸி, கிரைண்டர், கீசர் எது நின்றாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். பதினோரு வருடம் இருவரும் சேர்ந்து நடத்தினோம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகளான அவர் சேலம் ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்தவர். நான் பொருள்களைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றவன். எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது. முதல் நாளிலிருந்தே அவர் என்னை "ஏனுங்க தங்கராசு" என்பார், நான் அவரை "ஏனுங்க லூர்து" என்பேன். சண்டையில்கூட அந்த 'ங்க' உதிர்ந்ததில்லை.

உங்களில் பலர் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்துவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வெள்ளக்கடை கிராமத்துப் பாப்பாத்தி அக்காவுக்கு ஷாக் அடித்த கிரைண்டரைப் பழுது பார்த்துக் கொடுத்தவர் லூர்து அல்ல. நான்.

அது ஒரு மழைக்காலம். பாப்பாத்தி அக்கா சுற்றுலா ஆட்கள் தங்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து வந்த கிரைண்டர் மோட்டாரை நான்தான் சரிசெய்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். காயிலுக்கும் மோட்டார் பாடிக்கும் தொடர்பு இல்லை என்றது. டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. கொடுத்தனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை அக்கா மாவு வழிக்கக் கை வைத்ததும் தூக்கி எறியப்பட்டு, மேடையில் மோதி மணிக்கட்டு முறிந்தது. அந்த வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் எங்கும் இணைக்கப்படவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அது பிறகு. முதல் குறை என் மேஜையில் இருந்தது.

ஹோம்ஸ்டே உரிமையாளர், "ஈரக் கையோட தொட்டிருக்கு அந்தம்மா, உங்க மேல தப்பில்லீங்க" என்று முடித்துவிடப் பார்த்தார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. லூர்து அதை ஏற்கவில்லை. "ஈரக் கையோடதானுங்க மாவாட்ட முடியும்? நாங்க பார்த்ததுலதான் குறை" என்றார். பிறகு தனியாகவே வெள்ளக்கடை போய், பாப்பாத்தி அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். போய்ச் சொன்னவர் அவர் என்பதால், பார்த்தவரும் அவர்தான் என்று பேச்சு பரவியது. என் காதுக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போய்ச் சொன்னேன். பாப்பாத்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருசம் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். காப்பி கொடுத்தார். அந்தக் கையை இன்னும் முழுதாகத் திருப்ப முடியவில்லை அவருக்கு.

அந்த விபத்துக்கு அடுத்த வாரம், சரியான சோதனைக் கருவி வாங்க சேலம் போனோம். பஸ்ஸில் லூர்துவின் மடியில் ஒரு மூட்டை. அக்காவைத் தூக்கி எறிந்த அதே மோட்டார்! பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, மேலே ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தார். "இது எதுக்குங்க?" என்றேன். "அடிவாரம் போயிட்டா வெயிலுங்க. மோட்டார் காஞ்சிருச்சுன்னா நல்லது மாதிரி நடிக்கும். மலை ஈரம் மலை ஈரமாவே கடைக்கு வந்து சேரோணும்" என்றார்.

கடைக்காரர் முதலில் விலையுயர்ந்த மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுலயே மெகா ஓம் வரைக்கும் காட்டுமுங்க." லூர்து மூட்டையைப் பிரித்து அதே மோட்டாரில் வைத்துக் காட்டினார். குறையே இல்லை என்றது கருவி. "ஏனுங்க, இது எத்தனை வோல்ட் குடுத்துப் பாக்குது? உள்ள ஒரு சின்ன பேட்டரி. ஊட்ல இருநூத்திமுப்பது வோல்ட் வந்து அழுத்துறப்ப விட்டுக்குடுக்குற இன்சுலேஷன், இந்த பேட்டரிக்கு எப்படீங்க தெரியும்?" என்று கேட்டார். அடுத்து ஐந்நூறு வோல்ட் என்று எழுதியிருந்த ஒரு மலிவு டெஸ்டர். ஒரு முறை ஓர் எண், மறுமுறை வேறோர் எண். மூன்றாவதாக ஒரு பெட்டி: தேறினால் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு. சிவப்புத்தான் எரிந்தது. வாங்கிவிடலாம் என்றேன். லூர்து தலையை ஆட்டினார். "எவ்வளவுன்னு சொல்ல மாட்டேங்குது. மயிரிழையில தேறுனதுக்கும் பச்சை, நல்லா தேறுனதுக்கும் பச்சை. நமக்கு எண் வேணுமுங்க."

கடைசியில் இருநூற்றைம்பது வோல்ட்டுக்கும் ஐந்நூறு வோல்ட்டுக்கும் மாற்றிவைக்கக்கூடிய ஒரு இன்சுலேஷன் டெஸ்டரை அந்த மோட்டாரில் மாட்டினார். கரண்ட் கசியாத மோட்டார் என்றால் எண் உயரே நிற்க வேண்டும்; அது சுழியத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஐந்து முறை பார்த்தார். ஐந்து முறையும் அதேதான். மேஜையில் நான் 'நல்லது' என்று ஒதுக்கிய மோட்டார் அது. எர்த் ஒயரைச் சோதிக்கவும் தனியாக ஒன்று எடுத்தோம், கொஞ்சம் வலுவான கரண்ட்டைத் தள்ளிப் பார்க்கும் வகை. "ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் சின்னக் கருவி 'இருக்கு'ன்னு சொல்லிரும். ஷாக் வர்ற அன்னைக்கு அந்த இழை எரிஞ்சு போகும்" என்றார்.

அவரோடு வேலை செய்வது எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். கருவி வந்த பிறகு பொருளைச் சோதித்ததோடு நிற்காமல், வீட்டுக்கே போய் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லாத வீட்டுக்கு கீசரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன்: "இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதானுங்க!" அவர் ஒரு ஹீட்டரின் ஒயரை உரித்துக்கொண்டே சொன்னார்: "மூடிக்கலாமுங்க. கடையைத் திரும்பத் திறக்க முடியும்." அதன் பிறகு இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சிறுநீரகம் கெட்டு அவர் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. என் உடம்பு பற்றியோ ஊர் பற்றியோ கேட்கவில்லை. "அந்த கீசர் என்னாச்சுங்க? எண் எவ்வளவு?" என்றார். பல மாதம் ஓடாமல் கிடந்த ஹோம்ஸ்டே கீசர் அது. பழைய காயிலையே துடைத்து மாட்டியதோடு சரி, நான் சோதிக்கவே இல்லை. அவரை நிம்மதியாகத் தூங்க விட வேண்டும் என்றுதான், "நூறு மெகா ஓமுங்க" என்றேன்.

லூர்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அப்படி ஒரு புள்ளிகூட இல்லாம முழுசாவா வந்துச்சு?" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நேராகக் கடைக்குப் போய்க் கருவியை மாட்டினேன். ஒன்றுக்கும் கீழே, புள்ளி எட்டு. ஒன்றுக்குக் குறைந்தால் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலை அது ஹோம்ஸ்டேக்குப் போயிருக்கும். எண்ணைப் படம் பிடித்து லூர்துவுக்கு அனுப்பினேன். மன்னிப்பு எழுதத் தெரியவில்லை, படம் மட்டும். சற்றுக் கழித்துப் பதில் வந்தது: 'ஈரமா இருக்கும். சூடு பண்ணி ஆறவெச்சுப் பாருங்க. அப்பவும் ஏறலைன்னா காயிலை மாத்துங்க.'

சூடு பண்ணி ஆறவைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. காயிலை மாற்றினேன். அறுபத்துமூன்று புள்ளி நான்கு வந்தது. அதையும் படம் பிடித்து அனுப்பினேன். அதை அவர் பார்த்ததற்கான அடையாளம் கைப்பேசியில் இன்றுவரை வரவில்லை. இரண்டு நாளில் அனிதாவின் அழைப்பு வந்தது.

கருவிகள் கடையில் இருக்கின்றன. அவை கடைக்குச் சொந்தமானவை. லூர்துவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, சோதிக்காத பொருளைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரு சின்ன வாக்கியம். சனிக்கிழமை ஒரு விடுதிக்காரர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இண்டக்ஷன் அடுப்புக்காகக் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "தங்க வர்ற ஆளுங்க பஸ் ஏறிட்டாங்கண்ணா. சரியாயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார். முன்பென்றால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

"இன்னும் பாக்கலைங்க" என்றேன்.

அவர் முணுமுணுத்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன்.