மாமா விழுங்கிய வரி

மாமாவை நினைத்தால் முதலில் அவர் படம் போட்ட அந்தப் பழைய காலண்டர்தான் கண்முன் நிற்கிறது. சிவப்புச் சட்டை, நெற்றியில் புரளும் முடி, கையில் மைக், வயது பதினாறு. தானே பாட்டுக் கட்டிப் பாடும் பையன் என்று சாத்தூர் முதல் விஸ்வநத்தம் வரை திருவிழா மேடைகளில் அவருக்கு அப்படி ஒரு பெயர். பட்டாசு ஆலைப் பெண்கள் அந்தப் படத்தை வெட்டி டிபன் டப்பா மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தார்களாம். அவர்களில் ஒருவர்தான் பிறகு அவரைக் கட்டிக்கொண்ட என் அத்தை.

இப்போது மாமாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் பாட்டுக் கட்டுகிறார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்பதால் எழுதிக்கொள்வது என் வேலை. அதில் எனக்குப் பெருமை அதிகம். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுப்பது நான் அல்ல. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அத்தை புதுப் பாட்டை மனப்பாடமாகக் கொண்டுபோய், திரி சொருகிக்கொண்டே பாடுவார். மூன்றாம் நாள் மற்றப் பெண்களும் தாமாகப் பாடினால்தான் அது மேடை ஏறும்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் போன பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு ஒரு பாட்டு அப்படித் தேறியது. விழாக் குழுத் தலைவருக்கு அரைமனது. “சனம் பழைய பாட்டத்தான்ணே கேக்கும். இது எடுபடலைன்னா அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்கிடுதோம்” என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பாட்டில் ஒரு வரி இருந்தது: “டை அடிச்ச மாமன் தலை, மழை பேஞ்சாத் தெரியுமடி.” காலண்டரில் இருந்தவர் தன் நரையை ஊரறியச் சொல்வதா? அந்த வரி வேண்டாம் என்றேன். “படிச்ச புள்ள சொல்லுத, சரியாத்தான் இருக்கும்” என்று மாமா ஒப்புக்கொண்டார்.

மேடை ஏறியதும் பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கூட்டத்தில் ஒரே சத்தம். மாமா புதுப் பாட்டை எடுத்து, அந்த வரியைத் தாண்டிப் போனார். முன்னால் உட்கார்ந்திருந்த ஆலைப் பெண்கள் தாண்டவில்லை. முழுப் பாட்டும் தெரிந்தவர்கள், விடாமல் பாடினார்கள். “என்னண்ணே, வரிய முழுங்குதீக? எங்களுக்குந்தான் நரைச்சுப் போச்சு” என்றார் ஒருவர். கூட்டம் சிரித்து அடங்கியது. மாமா மேடையோரம் நின்ற என்னைப் பார்த்தார், உத்தரவு கேட்பதுபோல. கூசிப்போய்த் தலையசைத்தேன்.

அந்த வரியையும் சேர்த்து மூன்று முறை பாட வைத்துத்தான் விட்டார்கள். இறங்கியதும் தலைவர் வந்து, “அடுத்த வருசமும் இதையே பாடிருங்கண்ணே” என்றார்.

“அடுத்த வருசம் பல்லு ஆட ஆரம்பிச்சிரும்லா, அதப் பாடுவோம்” என்றார் மாமா.

அந்தப் பல்லுப் பாட்டைத்தான் இப்போது அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியும் அடிக்கவில்லை.