அரசண்ணன் பந்தலில் கட்டிய மணி

திருநாவுக்கரசு என்ற முழுப் பெயர் அவருடைய அடையாள அட்டையில்தான் இருக்கிறது. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் எல்லாருக்கும் அவர் அரசண்ணன். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு, அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள அவர் மகன் ஹரீஷ் என்னை அமர்த்தினான். நான் முதியோர் பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். நான் வேலை செய்த வீடுகளில் பெரியவர்கள் தொலைக்காட்சி பார்ப்பார்கள், மருமகளைத் திட்டுவார்கள். முலாம்பழம் வளர்த்தவர் இவர் ஒருவர்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் வேலி, வேலிக்கு அப்பால் காடு. நிலத்தில் பிளாஸ்டிக் குழாய்களால் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருந்தார். கைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அலமாரியில் போட்டுவிட்டவர், கொடி கட்டும் கயிற்றை மட்டும் வலது கையால் பிடிப்பார். எனவே அந்தத் தோட்டம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹரீஷ் கட்சி வேறு. சாலையோரம் நிற்கும் தன் காடியில், அதாவது காரில், மோட்டார் சைக்கிள்கள் உரசுகின்றன என்று அவனுக்கு எரிச்சல்.

"அப்பா, நீங்க குரங்குக்குதான் வெவசாயம் பண்றீங்க. இந்தத் தடவ ஒரு பழமாச்சும் பழுத்து மேசைக்கு வரட்டும், நான் வாய தொறக்கல. இல்லன்னா தீபாவளிக்கு முன்ன இந்தத் தோட்டத்துல சிமெண்டு போட்டு காடிய உள்ள விட்ருவேன்."

"சரி. மேசைக்கு வந்தா நீயும் சாப்புடணும்" என்றார் அரசண்ணன்.

அதற்கு முன்பு காய்த்தவை எல்லாம் வாசனை வரும் நேரத்தில் குரங்குகளுக்குப் போய்விட்டன. தொழிற்சாலைச் சட்டையைக் கழியில் மாட்டி வைத்தார். குரங்கு அதன் தோளில் உட்கார்ந்தே தின்றது. பிறகுதான் சாமியறையிலிருந்த வெண்கல மணியை எடுத்துப் பந்தலில் கட்டினார். கயிறு அவர் நாற்காலி வரை வந்தது. வேலியில் ஒரு வால் தெரிந்தால் வலது கையால் இழுப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. நாள் முழுக்கக் கைக்குப் பயிற்சி.

ஆனால் குரங்குகள் குறையவில்லை, கூடின. பழங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்கும் முன், காய்ச்சல் எப்போது ஏறுகிறது என்று பார்க்கப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். குப்பை லாரி வந்தால் குரங்குகள் ஓடின. நாய் குரைத்தால் ஓடின. நான் சட்டியைத் தட்டினாலும் ஓடின. மணிக்கு மட்டும் ஓடவில்லை. அதைக் கேட்டால் மரத்திலிருந்து இறங்கி வந்து, மணிக்குக் கீழே தரையில் எதையோ தேடின. ஒன்றும் கிடைக்காமல் அண்ணாந்து பார்த்த பிறகுதான் பழம் கண்ணில் பட்டது. எதைத் தேடின என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மேட்டிலுள்ள முனீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது புரிந்தது. பூசாரி பக்கிரிசாமி மணியடித்தார். தீபம் காட்டி, வாழைப்பழச் சீப்பை மரத்தடிக் கல்லில் வைத்தார். வைப்பதற்கு முன்பே குரங்குகள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

"தெனமும் வைப்பீங்களா?"

"வைக்கலன்னா கோச்சுக்குமே."

"யாரு, சாமியா?"

"சாமி எங்க கோச்சுது? இதுங்கதான்."

வீட்டுக்கு வந்து அரசண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப நானே மணியடிச்சுப் பூசைக்குக் கூப்புட்டிருக்கேன்னு சொல்றியா, ரமணி?"

"ஆமாண்ணே. வந்ததுங்க பிரசாதம் எங்கன்னு தேடுதுங்க."

அவர் நம்பவில்லை. இயந்திரத்தையே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிய ஆள். "சோதிச்சுப் பாத்துருவோம். மணிய முன்வாசலுக்குக் கொண்டா."

ஞாயிற்றுக்கிழமை. முன்வாசலில் நின்று அடித்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூரைத் தகரம் கடகடத்தது. பின்பக்கத்துக் கூட்டம் முழுவதும் கூரை வழியாக முன்னால் வந்து, ஹரீஷின் காடி மேல் இறங்கியது. ஒன்று கண்ணாடித் துடைப்பானை இழுத்துப் பார்த்தது. பின்னாலிருந்த முலாம்பழத்தை ஒன்றும் தொடவில்லை.

ஹரீஷ் பனியனோடு ஓடிவந்தான். "இதுக்குதான் சொன்னேன், காடிய உள்ள விடணும்னு."

"டேய், அது காடிக்கு வரல, மணிக்கு வந்துச்சுடா" என்றார் அவன் அப்பா. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அன்றே மணியின் நாக்கில் கட்டுத் துணியைச் சுற்றிச் சாமியறையில் வைத்தேன். மிஞ்சிய பழத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்து இறுக்கிக் கட்டினோம். வலை போட்டால் குரங்குகள் பிரித்துவிடும். நாற்காலி பக்கத்தில் பழைய சட்டியையும் கரண்டியையும் வைத்து, தட்டும் வேலையை வலது கைக்குக் கொடுத்தேன். எப்போதாவது ஒன்றிரண்டு வந்து கூடையை உருட்டிப் பார்த்தன. சட்டிச் சத்தத்தில் போய்விட்டன.

காம்பைச் சுற்றி வெடிப்பு விட்டு வாசனை வந்ததும் பறித்து மேசையில் வைத்தோம். அரசண்ணன் வலது கையால் பழத்தை அழுத்திக்கொண்டு இடது கையால் வெட்டினார். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. ஹரீஷ் ஒன்றை வாயில் போட்டான்.

"என்னப்பா இது, வெள்ளரிக்கா மாதிரி இருக்கு. இனிப்பே இல்லலா."

இனிப்பில்லாதது உண்மை. பழுக்கும் நேரத்திலும் அவர் தண்ணீரை நிறுத்தவில்லை.

"இனிக்கணும்னு பேச்சே இல்ல. பழுத்துச்சா இல்லையா?"

ஹரீஷ் என்னைப் பார்த்தான். நான் அசாம்போய் என்ற உப்பும் புளிப்புமான தூளை எடுத்து வைத்தேன். அதைத் தொட்டு இன்னொரு துண்டு தின்றான்.

"பழுத்துச்சு" என்றான்.

அடுத்த வாரம் காடிக்கு உறை வாங்கி வந்தான். அரசண்ணன் விதைகளைக் கழுவி, நான் மாத்திரை எடுத்து வைக்கும் தட்டில் பரப்பியிருந்தார். தட்டைக் கேட்டேன். காயட்டும் என்றார்.